பகலில் வந்தவர்

அந்தக் காவல் நிலையத்தில் திருடனைத் துரத்த ஆள் இருந்தது, புகார் எழுதிக்கொள்ள ஆள் இருந்தது, பெரிய அதிகாரி வந்தால் ஓடிப்போய்க் கார் கதவைத் திறக்கப் போட்டியே இருந்தது. சாவுச் செய்தி சொல்ல மட்டும் ஒரே ஒருவர்தான். ரோட்டில் அடிபட்டவரோ, தண்ணீரில் போனவரோ, சாரத்திலிருந்து விழுந்தவரோ, ஆள் யாரென்று தெரிந்ததும் எல்லோருடைய கண்ணும் ஏட்டு உட்கார்ந்திருக்கும் மூலைக்குப் போகும். வாயைத் திறந்து கேட்கக்கூட மாட்டார்கள். அவரே தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

"ஏட்டையா போனாத்தான் சரியா இருக்கும்" என்பார்கள். கேட்பதற்குப் பாராட்டு மாதிரித்தான் இருக்கும். ஒரு மூட்டையை ஒருத்தர் தலையில் நிரந்தரமாக ஏற்றிவிட்டு, அடேயப்பா என்ன கழுத்து என்று மெச்சிக்கொள்வது எல்லா ஆபீஸிலும் நடக்கிற கதைதான்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்வார். வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றால் அவருக்கு முன்னால் செய்தி உள்ளே போய்விடும். நடந்து போவார். கதவருகே நின்று தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பார். தாகம் இருக்காது. போலீஸ்காரர் எதற்குத் தொப்பியைக் கழற்றினார், நம் வீட்டில் வந்து எதற்குத் தண்ணீர் கேட்கிறார் என்று, தண்ணீர் எடுக்கப் போகிறவருக்கு நாலடி நடப்பதற்குள் மனசில் என்னவோ தட்டிவிடும். திரும்பி வரும்போது பாதி தெரிந்துகொண்ட முகத்தோடு வருவார்கள். ஏட்டு தண்ணீரை முழுதாகக் குடித்து முடிப்பார். "உட்காருங்க" என்பார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். அதற்கப்புறம் சுற்றி வளைக்கிற பேச்சே கிடையாது. "இறந்துட்டார்" என்று சொல்லிவிடுவார். கொஞ்சம் சீரியஸ், எதற்கும் வந்து பாருங்கள் என்கிற பொய்யெல்லாம் அவரிடம் இல்லை. வேலைக்கு வந்த புதிதில் ஒருமுறை வாசலில் நின்றபடியே பட்டென்று சொல்லி, கேட்ட மனிதர் படியிலேயே சரிந்து மண்டையை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்துதான் இந்தத் தண்ணீர்.

இதனால் ஊருக்கே அவரைத் தெரிந்துபோயிற்று. பகல் வேளையில் அவர் சீருடையோடு ஒரு தெருவுக்குள் நுழைந்தால் வாசலில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வெளியே போயிருக்கிற தங்கள் ஆட்களை மனசுக்குள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பார்கள். அவர் தாண்டிப் போன பிறகுதான் மூச்சு வரும். "ஏட்டையா, குறுக்கு வழின்னு எங்க தெருப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க" என்று டீக்கடைக்காரர் கிண்டல் செய்வார். ஏட்டும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு உதட்டோடு சரி.

வீட்டில் மனைவி முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைத்தாள். தெருவில் எல்லோரும் அவளிடம்தான் துணி கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், உட்கார்ந்து நாலு வார்த்தை பேச மாட்டார்கள். அவள் மேல் யாருக்கும் குறையில்லை. ஆனாலும் அந்த வீட்டு நாற்காலியில் உட்கார என்னவோ ஒரு தயக்கம். எதிர்வீட்டு அக்கா ஒருத்திதான் உரிமையாக உள்ளே வந்து சமையலறை வரைக்கும் போவாள்.

ஏட்டின் நாற்காலியும் நாளடைவில் வெட்டிய துணி போடுகிற இடமாகிவிட்டது. அத்தி பூத்தாற்போல் அவர் வீட்டில் இருக்கிற நாளில் மனைவி துணியை வாரி எடுத்துக்கொண்டு, "உக்காருங்க" என்பாள். அவரும் பெண் பார்க்க வந்தவர் மாதிரி நுனியில் உட்காருவார். அம்மாவும் மகளும் பாதிப் பாதி வாக்கியமாகப் பேசிச் சிரித்துக்கொள்வார்கள். "என்ன விஷயம்?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்பாள் மகள். உண்மையிலேயே ஒன்றுமிருக்காது. முதலிலிருந்து சொன்னால்தான் அவருக்குப் புரியும், முதலிலிருந்து சொன்னால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மகளுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வெளியூர், ஹாஸ்டல். பஸ்ஸில் ஒரு பகல் பூராவும் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டியது.

அந்த வாரத்தில் ஒரு காலை, ஏட்டு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை அவளை யாரு கொண்டுபோய் விடறது?"

"நான்தான். வேற யாரு?"

"அவ உங்களைக் கேட்டாளா?"

"பெத்த அப்பனைக் கேக்கணுமா என்ன?"

"கேக்கலையேன்னுதான் சொல்றேன். முன்னெல்லாம் கேப்பா. ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம், வாங்கப்பான்னு கூப்பிடுவா. கைக்கு மாவுக்கட்டுப் போட்டப்ப நீங்க வந்தாத்தான் பிரிக்க விடுவேன்னு ஆஸ்பத்திரியையே ரெண்டு பண்ணினா. வரலைன்னா அழுவா, சண்டை போடுவா. இப்போ கேக்கறதையே விட்டுட்டா. உங்களுக்கு உறைச்சுதா இல்லையா?"

"டியூட்டின்னு ஒண்ணு இருக்கில்ல."

"டியூட்டி முடிஞ்சும் அங்கேயேதானே கிடக்கறீங்க. ஜீப் டிரைவர் சாயங்காலமே வீட்டுக்கு வந்துடறாராம். அவர் சம்சாரம் சொல்றா. உங்களுக்கு மட்டும் நாங்க சாப்பிட்டுப் படுத்தப்புறம்தான் வீட்டு ஞாபகம் வருது. அப்படி என்ன அங்க கொட்டி வெச்சிருக்கு?"

ஏட்டு இரண்டாவது பூட்ஸின் கயிற்றைத் தேவைக்கு மேல் இறுக்கினார்.

"இந்த ஒரு தடவை வரலைன்னா, அப்புறம் நீங்க வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்" என்றாள் மனைவி. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

ஏட்டு நேரே இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றார். இன்ஸ்பெக்டர் வயதில் அவரைவிடச் சின்னவர், கெட்டிக்காரப் பெண்மணி.

"லீவா? நீங்களா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் போதும் மேடம். பொண்ணை ஹாஸ்டல்ல விடணும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவைத்தார். "என் பையன் வீட்ல என்னை மேடம்னுதான் கூப்பிடறான் ஏட்டையா. விளையாட்டுக்குத்தான். மொதல்ல நானும் சிரிச்சேன். இப்போ சிரிப்பு வரமாட்டேங்குது." மறுபடி பேனாவைத் திறந்தார். "போயிட்டு வாங்க. அன்னைக்கு எது நடந்தாலும் உங்களைக் கூப்பிட மாட்டேன். போதுமா?"

ஏட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதை நேரில் சொல்லி அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஜீப் அந்தப் பக்கமாகப் போவதாக இருந்தது, ஏறிக்கொண்டார். பழக்கதோஷம், டிரைவர் தெருமுனையிலேயே நிறுத்தினார். ஏட்டும் அங்கேயே இறங்கி வேகாத வெயிலில் நடந்தார். வாசலில் யார் யாரோ பேச்சை நிறுத்தியதை அவர் கவனிக்கவில்லை. அவருக்குத்தான் மனசெல்லாம் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கிறதே.

மனைவி மெஷினில் இருந்தாள். மகள் ஹாஸ்டலுக்குச் சாமான் வாங்கப் பஸ் ஏறிக் கடைவீதிக்குப் போயிருந்தாள். ஏட்டு வாசலில் நின்றார். வியர்வையில் தலை நனைந்திருந்தது, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இன்றைக்கு உண்மையாகவே தாகம்.

"கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். மெஷின் சக்கரம் கொஞ்சம் சுற்றி நின்றது. ஏட்டு எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார், எடுத்த எடுப்பில் சொல்லிவிடாமல் கொஞ்சம் விளையாட்டுக் காட்டலாம் என்று. தண்ணீர் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார்.

அவள் சமையலறைத் தரையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் காலி டம்ளர்.

"சொல்லாதீங்க" என்றாள். "இப்ப சொல்லாதீங்க. கொஞ்ச நேரம் கழிச்சுச் சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்லாதே?"

"எந்த பஸ்?"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவள் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, பஸ்ஸுமில்ல ஒண்ணுமில்ல. லீவு கெடைச்சிருக்கு. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன். அவளுக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம நீங்க பகல்ல வந்திருக்கீங்களா இந்த வீட்டுக்கு? ஒரு நாள் வந்திருக்கீங்களா?"

"சத்தியமா லீவுதான்."

"தொப்பியைக் கழட்டிட்டுத் தண்ணி கேட்டீங்களே. நான் பாத்தேனே." அவள் அழவில்லை. பல் கிட்டித்த மாதிரி பேசினாள். "அவளுக்குப் போன் போடுங்க. அவ குரலைக் கேக்கணும்."

போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். பஸ் இரைச்சலில் கேட்டிருக்காது, பைக்குள் கிடக்கும், ஆயிரம் காரணம் இருக்கலாம். அவள் கண் அவர் விரலை விட்டு நகரவில்லை. எதிர்வீட்டு அக்கா மூச்சு வாங்க உள்ளே வந்து, அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, ஏட்டைப் பார்த்து மெதுவாக, "யாருண்ணே?" என்றாள்.

"யாருமில்லம்மா. யாருக்கும் ஒண்ணுமில்ல."

அவளும் நம்பவில்லை. வாசலில் இரண்டு மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். காலமெல்லாம் உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லாத மனிதர், சொல்வதற்குச் சாவில்லாமல் வந்த ஒரே நாளில் பொய்யராகிவிட்டார். மூன்றாம் தரம் மணி அடித்து ஓய்ந்தபோது ஏட்டுக்கே உள்ளே ஒரு சந்தேகம் எழுந்தது. ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, டவுன் பக்கம் விபத்து எதுவும் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். விரல் வரவில்லை. ஊரார் வீட்டுத் தரையில் எத்தனையோ பேர் இப்படி உட்கார்ந்திருந்ததை நின்றபடி பார்த்திருக்கிறார். கீழே உட்கார்ந்து பார்த்தால் வாசல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வாசல் பக்கம் ஏதோ பிளாஸ்டிக் வாளி உருளும் சத்தம் கேட்டது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மகள் ஓடிவந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். அம்மா தரையில், அப்பா தரையில், நடுவில் தொப்பி. அப்பாவை உச்சியிலிருந்து பாதம் வரை ஒருமுறை பார்த்தாள். அம்மா அவள் காலை இழுத்துக் கட்டிக்கொண்டு அப்போதுதான் ஓவென்று அழுதாள். மகளின் முகம் கோணியது, கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களை யாரு இந்நேரத்துக்கு வீட்டுக்கு வரச் சொன்னது?" என்றாள் அப்பாவைப் பார்த்து.

"லீவு கெடைச்சிருக்கும்மா" என்றார் ஏட்டு. "ஞாயித்துக்கிழமை நான் வர்றேன்."

சந்தோஷ சமாசாரம் அந்த வீட்டில் சொல்லப்பட்ட லட்சணம் அது.

ஆனால் அதற்கப்புறம் வந்த இரண்டு மூன்று நாளும் நன்றாகவே இருந்தன. "இனிமே பகல்ல வர்றதா இருந்தா தெருமுனையிலேருந்தே ஏதாவது பாட்டுப் பாடிக்கிட்டு வாங்க" என்றாள் மனைவி. "அப்பா பாடினா ஜனங்க சாவே தேவலைன்னுடுவாங்க" என்றாள் மகள். மூன்று பேரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு அவருக்கும் முதலிலிருந்து தெரிந்த சிரிப்பு. சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மகளின் போர்வையை மடித்துக் கொடுத்தார், அவள் அதைப் பிரித்து மறுபடி ஒழுங்காக மடித்தாள். வழியில் எங்கே சாப்பிடுவது, ஜன்னலோரம் யாருக்கு என்றெல்லாம் பேச்சு நடந்தது. "ஜன்னல் எனக்குத்தான்" என்று அவள் கறாராகச் சொன்னாள். அந்தக் கறாரை அவர் வாய்க்குள் வைத்து இனிப்பு மாதிரி சப்பிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இன்ஸ்பெக்டர்.

"கூப்பிட மாட்டேன்னு சொன்னேன் ஏட்டையா. வரச் சொல்லிக் கூப்பிடலை. கட்டிட வேலையில சுவர் விழுந்து ஒரு ஆள் போயிட்டான். பொண்டாட்டி நிறைமாசமா இருக்கு. வீட்ல தனியா இருக்கு. புதுசா வந்தானே, அந்தக் கான்ஸ்டபிளை அனுப்பறேன். எப்படிச் சொல்லணும்னு அவனுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிடுங்க. இதோ பக்கத்துலதான் நிக்கறான்."

"ஐயா" என்றது ஒரு நடுங்குகிற குரல்.

"வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திக்கோ" என்று ஆரம்பித்தார் ஏட்டு. "பக்கத்து வீட்ல யாராவது வயசான பொம்பளை இருந்தா மொதல்ல கூட்டிக்கோ. அப்புறம்..." அப்புறம் என்ன என்று அவருக்கு வாயில் வரவில்லை. கையில் இருக்கிற வேலையை வாயால் எப்படிச் சொல்வது. மனைவியும் மகளும் கயிற்றை ஆளுக்கொரு முனை பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாத்துச் செய்யி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பெட்டியைத் தூக்கினார்.

மனைவி நகரவில்லை. "யாரு?"

"கட்டிட வேலைக்காரன். பொண்டாட்டி மாசமா இருக்காம்."

"தனியாவா இருக்கா?"

"ம்."

அவள் அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். "போங்க" என்றாள்.

"என்ன பேசறே. எனக்கு லீவு. இவளுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நான் கூட்டிக்கிட்டுப் போறேன். ராத்திரி அங்க தங்கிட்டுக் காலைல வந்துடறேன்." கயிற்றை முடிச்சுப் போட்டாள். "அன்னைக்கு அந்தத் தரையில உக்காந்திருந்தப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? எது நடந்திருந்தாலும், வந்து சொல்றது இவரா இருக்கறதே மேல்னு தோணுச்சு. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு சின்னப் பையன் போய் வாசல்ல நின்னு உளறணுமா?"

ஏட்டு மகளைப் பார்த்தார். வேண்டாம்பா என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பஸ் நிலையத்துக்குப் பெட்டியைத் தலையிலேயே சுமந்துகொண்டு ஓடியிருப்பார். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடட்டும், அழட்டும், ஆஸ்பத்திரியை ரெண்டு பண்ணின மாதிரி வீட்டை ரெண்டு பண்ணட்டும்.

"போங்கப்பா" என்றாள் மகள். "நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." அவள் முகத்தில் கொஞ்சமும் வருத்தமில்லை. நல்ல பெண். நல்ல பெண்ணாக இருக்கிறாளே என்றுதான் அவருக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சீருடையை மாட்டிக்கொண்டு போனார்.

வேலை முடிந்தது. ஆஸ்பத்திரி, பிரேத விசாரணை, அந்தப் பெண்ணின் அண்ணனுக்குத் தகவல், எல்லாம் ஆயிற்று. வழக்கம்போல் ஸ்டேஷனுக்குப் போய் அந்த மூலையில் உட்கார்ந்தார். உட்காரப் பிடிக்கவில்லை. எழுந்து வீட்டுக்கு நடந்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது. பூட்டைத் திறந்து உள்ளே போனார். போர்வை போனபின் மகளின் கட்டில் பலகையாகக் கிடந்தது. அடுப்பில் அவருக்கென்று மூடிவைத்த சோறு ஆறியிருந்தது. போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பிசைந்தபோது போன் அடித்தது.

"அப்பா, வந்து சேந்துட்டோம். அம்மா வார்டன்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கு. ரூம்ல நாலு கட்டில். என்னுது கதவுப் பக்கம்."

"ஜன்னலோரம் கெடைக்கலையா?"

"இல்ல." அவள் கேட்டாள், "அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

இத்தனை வருஷத்தில் அவர் போய்வந்த வீடுகளைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஸ்டேஷனில் "சொல்லிட்டீங்களா?" என்பதோடு சரி.

"மொதல்ல அழவே இல்லம்மா. அவருக்கு மதியச் சாப்பாடு கட்டி வெச்சிருந்துச்சு. அதை என்ன பண்றதுன்னு என்கிட்டக் கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லத் தெரியல. கையில வாங்கிக்கிட்டேன். ஆஸ்பத்திரி வரைக்கும் என் கையிலேயே இருந்துச்சு."

"அப்புறம்?"

அப்புறம் என்று அவள் கேட்கக் கேட்க அவர் சொன்னார். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டது, அண்ணன் வந்தது, எல்லாம். சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்:

"இது மாதிரி ஆனப்புறம் வழக்கமா என்ன செய்வீங்க?"

"ஸ்டேஷன்ல உக்காந்திருப்பேன்."

"ஏன்? வீட்டுக்கு வர வேண்டியதுதானே."

"அந்தக் கையோட உன்கிட்ட எப்படிம்மா வர்றது? நீ அப்போ சின்னப் பிள்ளை. ஓடிவந்து காலைக் கட்டிக்குவே. அது மேல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கும். கொஞ்சம் போகட்டும், கொஞ்சம் போகட்டும்னு உக்காந்திருப்பேன். நீங்க ரெண்டு பேரும் தூங்கியிருப்பீங்க."

அந்தப் பக்கம் யார் யாரோ பெண்கள் சிரித்துக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது.

"எங்களைவிட அந்த ஸ்டேஷன்தான் உங்களுக்குப் பிடிக்கும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் மகள். "நான் கிளம்பி வந்தப்புறம் சொல்றீங்களேப்பா."

அவர் பிசைந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு விரலில் காய்ந்துவிட்டது. சாப்பாட்டு மணி அடித்தது, இங்கேயல்ல, அங்கே.

"கூப்பிடறாங்க. போகணும். நாளைக்கு இந்நேரத்துக்குப் பண்ணட்டுமா? எங்க இருப்பீங்க?"

"வீட்லதாம்மா இருப்பேன்."

"சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.